பாயிண்ட் மேல் பழி

மேல்விஷாரத்தில் நெடுஞ்சாலை ஓரமாக எங்கள் பழைய அம்பாசிடர் நின்றுவிட்டது. மூன்றே மாதத்தில் இரண்டு தடவை பாயிண்ட் மாற்றியிருந்தேன். போலிச் சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டையும் போட்டிருந்தேன்.

மெக்கானிக் பாய் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். பாயிண்டின் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு.

“பாயிண்ட் மேல தப்பில்ல சார். கண்டன்சர் போயிடுச்சு. பொறி இங்கயே எரிஞ்சிடுது, பிளக்குக்கு சரியா போகல.”

புதுக் கண்டன்சர் போட்டார். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தார். வண்டி கிளம்பிவிட்டது.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் பாயிண்டுக்குப் பெயர் ‘விஸ் பிளாட்டினே’, பிளாட்டினத் திருகு. இருப்பதோ டங்ஸ்டன். பெயர் தெரிந்த எனக்கு வேலை தெரியவில்லை.

மறுநாள் முதல் வேலையாகக் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.