முதுகில் இருந்த நான்கு ஸ்க்ரூ

அறுபத்தெட்டு வயதில் எனக்கு இடுப்புப் பக்கம் இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாகச் சேர்த்து, நான்கு டைட்டானியம் ஸ்க்ரூவும் இரண்டு கம்பியும் வைத்தார்கள். காலில் இருந்த குடைச்சல் போயிற்று. ஒரு வருஷம் கழித்து வேறு வலி வந்தது. நாற்காலியில் சாய்ந்தால் இடது பக்கம் ஒரே இடத்தில் குத்தும்.

"வயசாச்சு, அப்படித்தான்" என்றார்கள். முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பதில் எழுதாமல் கோப்பை மூட மனசு வரவில்லை.

வேறொரு டாக்டரிடம் போனேன். "எலும்பு ஒட்டுகிறவரை தாங்கத்தான் ஸ்க்ரூ. ஒட்டிவிட்டால் அதற்கு வேலை இல்லை" என்றார். சி.டி. ஸ்கேனில் எலும்பு நன்றாக ஒட்டியிருந்தது. வலிக்கிற இடத்தில், ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி மரப்பு ஊசி போட்டார். அன்று சாயங்காலம்வரை வலியே இல்லை. "ஸ்க்ரூதான் காரணமாக இருக்கலாம். ஆனால் எடுத்தாலும் முழுசாகப் போகும் என்று சொல்ல மாட்டேன்" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரை நம்பினேன்.

மறுபடியும் கத்தியா என்று என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே பையை எடுத்து வைத்தாள்.

எடுத்து எட்டு மாதம் ஆகிறது. காலையில் விறைப்பு இன்னும் உண்டு. ஆனால் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன்.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஸ்க்ரூவை 'வீஸ்' என்போம். அதே எழுத்துகளை 'வீ' என்று உச்சரித்தால் 'வாழ்கிறேன்' என்று பொருள். கழற்றிய நான்கையும் மனைவி ஒரு மருந்துக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.