குடிக்கக் கொடுக்கும் டைபாய்டு

ஆக்ஸ்போர்டில் 2011 முதல், ஆரோக்கியமானவர்கள் தெரிந்தே டைபாய்டு கிருமியைக் குடிக்கிறார்கள். வயிற்று அமிலத்தைத் தணிக்க முதலில் ஒரு குவளை சோடியம் பைகார்பனேட் கரைசல். பிறகு அதே கரைசலில் கலந்த சுமார் பத்தாயிரம் பாக்டீரியா. முன்பே போட்ட தடுப்பூசி வேலை செய்கிறதா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

எந்த ரகக் கிருமியைக் கொடுப்பது என்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம். நோயை உறுதியாக வரவழைக்க வேண்டும். மாத்திரை கொடுத்ததும் அடங்கவும் வேண்டும். ஆக்ஸ்போர்டு எடுத்தது குவெய்ல்ஸ் ரகம். 1958இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், நோயில்லாமலே கிருமியைச் சுமந்த ஒருவரின் பித்தப்பையிலிருந்து பிரித்தது. 1960களில் அங்கே சிறைக்கைதிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். (கைதியின் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்பது வேறு கதை.) அன்று பாலில் கலந்து கொடுத்தபோது, பாதிப்பேருக்கு நோய் வர ஒரு கோடி பாக்டீரியா தேவைப்பட்டது. ஆக்ஸ்போர்டிலோ பைகார்பனேட்டில் பத்தாயிரமே 65 சதவீதம் பேரைப் படுக்க வைத்தது. ரகம் ஒன்றேதான், அது குடலுக்குப் போகும் வழி மாறியது.

ஆபத்து எப்போதும் காய்ச்சலாக வருவதில்லை. இதேபோல் குடிக்கக் கொடுத்துச் சோதிக்கும் இன்னொரு கிருமி, வயிற்றுப்போக்கு தரும் கேம்பைலோபாக்டர். அதன் ரகங்கள் சிலவற்றின் மேலுறைச் சர்க்கரை, மனித நரம்பின் சர்க்கரையை ஒத்திருக்கும். கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடல் தன் நரம்பையே தாக்கி, கியான்-பாரே என்னும் முடக்கத்தில் விட்டுவிடலாம். 1980களில் தன்னார்வலர்களுக்குக் கொடுத்த 81-176 ரகத்தில் இந்த ஒப்புமை இருந்தது. அதனால் பின்னர் தாய்லாந்தில் கிடைத்த, ஒப்புமை இல்லாத சிஜி8421 ரகத்துக்கு மாறினார்கள். அந்தச் சோதனை முடிவு 2009இல் வெளியானது. அடங்காத பின்விளைவு உள்ள ரகம் எவ்வளவு பழகியதானாலும் கழித்துக்கட்ட வேண்டியதே.

குவெய்ல்ஸ் மீதும் ஒரு குறை உண்டு. இன்று தெற்காசியாவில் பரவுவது பல மருந்துகளுக்கு மசியாத எச்58 வம்சம். குவெய்ல்ஸோ சாதாரண மருந்துக்கே அடங்கும் பழைய ஆள். ஆனால் மசியாத கிருமியை ஆரோக்கியமானவருக்கு எப்படிக் கொடுப்பது? தவிர, தடுப்பூசி குறிவைக்கும், கிருமியின் ‘விஐ’ என்னும் மேலுறை இரண்டிலும் உண்டு.

2017இல் வெளியான ஆக்ஸ்போர்டு சோதனை முடிவில், ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் தடுப்பூசி குவெய்ல்ஸுக்கு எதிராக 55 சதவீதமே காத்தது. காய்ச்சல் வந்து, பிறகு இரத்தத்திலும் கிருமி தென்பட்டவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் அது 87. பிறகு நேபாளம், மலாவி, வங்கதேசக் குழந்தைகளிடம் நடந்த களச் சோதனைகளில் பாதுகாப்பு 80 சதவீதத்தை ஒட்டியே இருந்தது.