ஓர் அங்குலப் பொய்

கூடைப்பந்தைப் போல் உயரத்தைப் போற்றும் விளையாட்டைக் காண்பது அரிது. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பழக்கூடைகள் இரண்டை 10 அடி உயரத்தில் கட்டி இவ்விளையாட்டைத் தோற்றுவித்தார். வளையத்தின் உயரம் இன்றும் அதே 10 அடிதான். அதற்கு அருகே கை எட்டுகிறவனுக்கு ஆட்டம் எளிதாகிறது.

இவ்விளையாட்டை விரும்பிப் பார்க்கும் எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் இருந்தது. அந்நாட்டுத் தொழில்முறை வீரர்களின் பெயருக்கு எதிரே உயரமும் அச்சிடப்படும். ஒரே உயரம் உடையவர்கள் என்று காட்டப்பட்ட இருவர் அடுத்தடுத்து நின்றால், ஒருவர் தலை மற்றவர் நெற்றியளவே இருக்கும்! அச்சான எண் பொய்யா, என் கண் பொய்யா?

காரணங்களை அறிந்தபோது வியப்புத் தீர்ந்தது. முதலாவது, காலணி. தடித்த அடிப்பாகம் கொண்ட விளையாட்டுக் காலணியுடன் அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடிவிடும். இரண்டாவது, பொழுது. முதுகெலும்பின் வட்டுகள் பகலெல்லாம் உடற்சுமையால் சற்றே அமுங்குவதால், காலையில் இருக்கும் உயரம் மாலையில் எவருக்கும் இருப்பதில்லை. இவற்றிற்கெல்லாம் மேலானது மனித ஆசை. கல்லூரி நாள்களிலேயே, தேர்வாளர் கண்ணில் பட வேண்டும் என்று ஓரிரு அங்குலம் கூட்டி எழுதிவிடுவார்கள். அந்த எண்ணே பின்னர் நிலைத்துவிடும். அணியினர் எழுதித் தந்ததைச் சங்கம் அச்சிட்டது. அளந்து பார்ப்பார் இல்லை.

இதனினும் விந்தை ஒன்றுண்டு. உயரத்தைக் குறைத்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். கெவின் டூரன்ட் என்னும் புகழ்பெற்ற வீரர் ஏறக்குறைய 7 அடி உயரமுள்ளவர். ஆயினும் பல்லாண்டுகள் 6 அடி 9 அங்குலம் என்றே குறிக்கப்பட்டார். அதற்கு மேல் சொன்னால், தாம் விரும்பும் இடத்தை விட்டு வேறோர் இடத்தில் ஆட வேண்டியவர் என்று மதிப்பிட்டுவிடுவார்கள் என்பதை அவரே 2016-இல் வெளிப்படையாகக் கூறினார். ஆக, கூட்டியவரும் குறைத்தவரும் ஒரே அச்சத்தால் செய்தனர். என்னைப் பாராமல் என் எண்ணைப் பார்த்துத் தீர்ப்பிடுவார்களே என்னும் அச்சம் அது.

அவ்வச்சத்திற்குத் தேவை இருந்ததா? சார்லஸ் பார்க்லி என்பவரை 6 அடி 6 அங்குலம் என்று அச்சிட்டு வந்தனர். உண்மையில் தாம் 6 அடி 5 அங்குலத்தையும் எட்டவில்லை என அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அத்தகையவர் 1986-87 பருவத்தில், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதில் நெட்டையர் அனைவரையும் விஞ்சி முதலிடம் பெற்றார். இல்லாத அங்குலமா அவருக்குத் துணை செய்தது?

2019-ஆம் ஆண்டு தேசியக் கூடைப்பந்துச் சங்கம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. ஒவ்வொரு வீரரையும் காலணியின்றி அளந்து, அணியின் மருத்துவர் சான்று தர வேண்டும் என ஆணையிட்டது. பலருடைய உயரம் ஓர் அங்குலம் குறைந்தது, சிலருடையது கூடியது. டூரன்டின் எண்ணும் உயர்ந்தது. ஆனால் அதனால் எவருடைய ஆட்டமும் தாழ்ந்துவிடவில்லை. அத்தனை ஆண்டுகள் காத்துவந்த பொய்யால் ஒரு பயனும் இருந்ததில்லை என்பதே தெரிய வந்தது.

இச்செய்தியைப் படித்தபோது, லூக்கா நற்செய்தி காட்டும் சக்கேயு என் நினைவில் எழுந்தார். எரிக்கோவில் வரிதண்டுவோரின் தலைவர்; செல்வர்; ஆனால் குள்ளர். அவர் தம் குறையை மறைக்க முயலவில்லை. ஊரார் காண, சிறுவனைப் போல் ஓடி மரத்தில் ஏறினார். ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் இல்லத்திற்கே விருந்தினராய்ச் சென்றார். தம் உயரத்தை மறைக்காத அம்மனிதர், அன்றே தம் கணக்கையும் மறைக்காமல் நேர்செய்ய முன்வந்தார்.

நம் இல்லங்களில் இத்தகைய அங்குலப் பொய்கள் இல்லையா? திருமணப் பேச்சில் சற்றே ஏறும் சம்பளம், சற்றே இறங்கும் வயது, உறவினர் முன்னிலையில் கூடிவிடும் பிள்ளையின் மதிப்பெண். சிறிய பொய்தானே என்கிறோம். அருகில் நின்று கேட்கும் பிள்ளையோ, உள்ள அளவில் தான் போதாதவன் என்று கற்றுக்கொள்கிறான். இப்பொய்யால் விளையும் பெருந்தீங்கு இதுவே என்பது என் எண்ணம்.

சுவரில் கோடிட்டுப் பிள்ளையின் உயரத்தைக் குறிக்கும் தாய், "குதிகாலைத் தூக்காதே, நேராய் நில்" என்று சொல்லித்தான் அளக்கிறாள். அளந்தபின் எத்துணை அங்குலம் இருப்பினும் அவனை அணைத்துக்கொள்கிறாள். பிள்ளையின் மதிப்பெண்ணையும் திறமையையும் ஊருக்குச் சொல்லும்போதும் அன்புப் பெற்றோர் அவ்வாறே அளப்பார்களாக.