முகத்துக்கு நேரே

"பெரியவங்களை மறுத்துப் பேசினா மரியாதை இல்லைங்கிறாங்களே சார்?" என்று கேட்டார் காரைக்குடிக் கல்லூரி மாணவர் ஒருவர். அவர் ஊர்ப் பக்கத்துச் சங்கதியையே பதிலாகச் சொன்னேன்.

மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன சிராவயல். அங்கே ஆசிரமம் நடத்திய ஜீவாவுக்கு 1927-ல் வயது 20. வர்ணாசிரமம் பற்றி காந்தி சொன்னதில் அவருக்கு உடன்பாடில்லை. முணுமுணுக்கவில்லை, காந்திக்கே கடிதம் எழுதினார். செட்டிநாடு வந்த காந்தி, அவரைத் தேடிப் போய்ச் சந்தித்தார். 'சொத்து எவ்வளவு?' என்று விசாரித்தாராம். தேசம்தான் என் சொத்து என்றாராம் ஜீவா. நீங்கள்தான் தேசத்தின் சொத்து என்றாராம் காந்தி.

ஜீவா 1952-ல் எம்.எல்.ஏ. ஆனார். பின்னாளிலும் வசித்தது தாம்பரத்தில் ஒரு குடிசையில்தான். நான் பி.காம்.காரன். இந்தச் சொத்தை எந்த பேலன்ஸ் ஷீட்டில் காட்டுவது?

தம்பி, முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான் அவமரியாதை. பெயர் போட்டு, முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதைதான்.