ரமணர் விட்ட மூச்சு

1896-ல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், 1950 ஏப்ரல் 14-ல் மறையும் வரை அந்த ஊரை விட்டு நகரவே இல்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்பார்கள் ஆசிரமத்துக்குப் போய்வரும் பக்தர்கள். வெறும் உணர்ச்சி என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் ஆர்கான் வாயு வேறு கதை சொல்கிறது.

நாம் இழுக்கும் காற்றில் ஏறக்குறைய 1 சதவீதம் ஆர்கான். எதோடும் ஒட்டாத சந்நியாசி வாயு! உள்ளே போனது அப்படியே வெளியே வந்துவிடும். வரவும் செலவும் சரி. சில வருடங்களில் அது உலகம் முழுக்கக் கலந்துவிடுகிறது. 54 வருட மூச்சைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது நீங்கள் இழுக்கும் ஒரே மூச்சில், அவர் விட்ட ஆர்கான் அணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கும். டொராண்டோவில் இருந்தாலும் சரி, பஸ் டிக்கெட் வேண்டாம் :)

சரி, அப்படியென்றால் ஆசிரமத்துப் பசு லட்சுமியின் மூச்சும் அதில் உண்டு. 1924-ல் ஆசிரமத்துக்குள் புகுந்து அவரையே அடித்த திருடர்களின் மூச்சும் உண்டு. பக்தி கொஞ்சம் தடுமாறும் இடம் இதுதான். ஞானி, திருடன் என்ற பேதம் அணுவுக்குத் தெரியாது. அதை வைத்து யாரையும் புனிதமாக்கவும் முடியாது.

ரமணருக்கோ அடித்தது யார் என்று நன்றாகவே தெரியும். தொடையில் அடிபட்ட பிறகும், திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடர்களை அன்று ராத்திரி தடுத்து நிறுத்தியவர் அவர்தான்.