தம்பிக்குக் காட்டாத பக்கம்

கொல்கத்தாவின் பவானிபூரில், ஹரீஷ் முகர்ஜி சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் ஞாயிறு மாலைகளில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறோம்; ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து விளையாடும் ஆட்டம் அது. வங்காளி, குஜராத்தி, பஞ்சாபி நண்பர்களோடு தமிழர்கள் நானும் என் சித்தி மகனும். அந்த ஆட்டத்தில் அவனுக்கு நான் துரோகம் செய்தேன்.

ஆட்டத்தை நடத்தும் நண்பரை விட்டால், விதிப்புத்தகத்தை முழுதாகப் படித்தவன் நான்தான். யாருக்கு எந்த கிளாஸ், அதாவது எந்தப் பாத்திர வகை என்று முடிவுசெய்யும்போது எல்லாரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். எனக்கு மந்திரவாதியான விசார்டை எடுத்துக்கொண்டேன். மந்திரங்கள் ஏராளம், உயிர்ப்புள்ளிகளோ மிகக் குறைவு. சண்டைக்காரனான ஃபைட்டருக்கு 10 என்றால் விசார்டுக்கு 6. ஓங்கி ஒரு அடி விழுந்தால் சுருண்டுவிடுவான். அவனைத் தூக்கிவிட ஒருவர் வேண்டும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது இருந்தவை மூன்றே வகை: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக் என்னும் பூசாரி. காயத்தை ஆற்றும் பொறுப்பு அன்றே கிளெரிக்கின் தலையில் விழுந்தது.

"நீ கிளெரிக் எடுத்துக்கடா, எல்லாரையும் காப்பாத்தலாம்" என்றேன். "சரிண்ணா" என்றான். என் பேச்சைத் தட்டமாட்டான் என்று தெரிந்துதான் அவனைக் கேட்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. 2014 பதிப்பின் விதிப்புத்தகத்தில் கிளெரிக்குக்கு ஏழு பிரிவுகள் உண்டு. உயிர் காக்கும் பிரிவு அதில் ஒன்று. புயல் பிரிவு இன்னொன்று: அடித்தவன் மேலேயே மின்னலைத் திருப்பி இறக்கலாம், இரண்டாம் நிலையை எட்டினால் இடி மின்னலின் சேதத்தை உச்ச அளவுக்குக் கூட்டலாம். சித்திரையில் கால்பைசாகி என்னும் இடிப்புயல் வரும் மாலைகளில், எல்லாரும் ஜன்னலைச் சாத்த ஓடும்போது மொட்டைமாடிக்கு ஓடுகிறவன் என் தம்பி. அந்தப் பிரிவு அவனுக்கென்றே எழுதினதுபோல் இருக்கும். படித்தபோதே அது எனக்குத் தோன்றியது. ஆனாலும் உயிர் காக்கும் பிரிவை மட்டும் காட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினேன். புயல் பிரிவுக்காரனாலும் காயத்தை ஆற்ற முடியும். ஆனால் அவனுக்குச் சொந்த ஆசை வந்துவிடும், என்னைக் கவனிப்பது குறைந்துவிடும் என்று பயந்தேன்.

மாதக்கணக்கில் அவன் தன் முறை வரும்போதெல்லாம் என்னைத்தான் எழுப்பிவிட்டான். நான் நெருப்புக் குண்டு வீசிக் கைதட்டு வாங்கினேன்.

போன வாரம் அவனே பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டான். "அண்ணா, இது உங்களுக்குத் தெரியுமா?"

"கவனிக்கலைடா" என்றேன். நம்பினான். முதலில் மறைத்ததைவிட இந்தப் பொய்தான் என்னை அதிகம் வதைக்கிறது. அவன் கோபப்பட்டுக் கேட்கவில்லை, என்னோடு சேர்ந்து சந்தோஷப்படக் கேட்டான்.

அடுத்த கதை தொடங்குமுன் அவனிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். புத்தகம் முதலில் அவன் கைக்குப் போகும். எல்லாரும் எடுத்தபின் மிஞ்சுவது எனக்கு. அது கிளெரிக்காக இருந்தால், அவன் விழும்போது நான் தூக்கிவிடுகிறேன்.