28 நாள் மாதம்

பாகப்பிரிவினைக் கணக்கை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அரபு மத்ரஸா மாணவர்களுக்குக் கற்பித்து வருகின்ற நாம், ஒரு சின்னஞ்சிறு கணக்கில் தோற்றுப்போன கதையை இங்கே சொல்லப் புகுகின்றோம். பிள்ளைகளை விட்டுச் சென்றவரின் சொத்தில் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு என்று உறக்கத்திலும் பிழையின்றிச் சொல்லும் நாவு நம்முடையது. அப்படியிருந்தும் நம்மைப் பெற்ற தாய்க்குரிய சில நாட்களை எண்ணத் தவறினோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதே பிழை வேறு பல வீடுகளிலும் நிகழ்ந்துகொண்டிருக்கலாம் என்பதால் எழுதத் துணிந்தோம்.

உம்மா எண்பதை நெருங்குகிறார்கள். அவர்களிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. வாரத்தில் இரண்டு மூன்று முறை யாரையேனும் அழைப்பார்கள், அவ்வளவே. ஆனால், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பினாங்கிலிருந்து சாச்சியின் அழைப்பு வரும். உம்மாவின் ஒரே தங்கை. மணமாகிக் கடல் கடந்து போனவர். அவரது குறிப்பேட்டில் நம் வீட்டு எண்ணாக எழுதப்பட்டிருப்பது உம்மாவின் எண் ஒன்றுதான்.

2023ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி, உம்மாவின் எண்ணுக்கு வழக்கம்போல் ரீசார்ஜ் செய்தோம். ஒரு மாதத்திற்குப் போதும் என்பது நம் எண்ணம். அம்மாதம் 24ஆம் தேதி ரமளான் பிறந்தது. இரவுச் சொற்பொழிவுக்காக நாம் வேற்றூர்ப் பள்ளிவாசலில் தங்கியிருந்தோம். ஏப்ரல் பிறந்தபோது ரீசார்ஜ் நினைவுக்கு வரத்தான் செய்தது. பெருநாளுக்கு ஊர் செல்லும்போது பார்த்துக்கொள்ளலாம், அதுவரை உம்மா பிறரை அழைக்க முடியாது, அவர்களுக்கு வரும் அழைப்புக்கு என்ன தடை என்று அமைதியடைந்தோம். வீட்டாரின் கைப்பேசியில் நாள்தோறும் உம்மாவிடமும் பேசிக்கொண்டிருந்ததால் ஐயம் எதுவும் எழவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து வீடு திரும்பினோம். உம்மா புதுத்துணி உடுத்தி, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். முகத்தில் பெருநாள் இல்லை.

"ஒங்க சாச்சிக்கு எம்மேல கோவம் போலருக்கு வாப்பா. மூணு வெள்ளிக்கெளமையா போனே வரல. பெருநாளைக்குக்கூட வரல. நான் போட்டா, ஒரு பொண்ணு என்னமோ சொல்லிட்டு வச்சிருது" என்றார்கள்.

கோபத்திற்கு ஒரு காரணத்தையும் உம்மாவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பேத்தியின் நிக்காஹ் செய்தியைத் தம் வாயால் சொல்லாமல் நம்மைக்கொண்டு சொல்ல வைத்தார்களாம். அது தங்கையின் மனத்தைப் புண்படுத்தியிருக்க வேண்டுமாம். மூன்று வாரமாக இதை யாரிடமும் சொல்லாமல், நாள்தோறும் கைப்பேசிக்குத் தவறாமல் சார்ஜ் ஏற்றி, வராத அழைப்புக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

நம் கைப்பேசியிலிருந்து உம்மாவின் எண்ணை அழைத்துப் பார்த்தோம். மணி ஒலிக்கவில்லை. பாதிக் கதவு திறந்திருந்த கடையொன்றைத் தேடிச் சென்றோம். கடைக்காரத் தம்பி பார்த்துவிட்டு, "ஆலிம்சா, இது மாசக் கணக்கு இல்ல. 28 நாள் வேலிடிட்டி. மார்ச் 28ஓட முடிஞ்சு போச்சு. மொதல்ல அவுட்கோயிங் நிக்கும், கொஞ்ச நாள்ல இன்கமிங்கும் நின்னுடும்" என்றார். அல்ஹம்துலில்லாஹ், எண் கைவிட்டுப் போகவில்லை. பணம் செலுத்திய சில நிமிடங்களில் அதற்கு உயிர் வந்தது.

அன்று பகல், சாச்சியின் பேரனுடைய கைப்பேசி வழியாக அக்காளும் தங்கையும் பேசினார்கள். சாச்சியோ, தம் அழைப்பை லாத்தா எடுக்காதது கோபத்தினாலேயே என்று எண்ணி அங்கே அழுதிருக்கிறார்கள். நம் கணக்குப் பிழை ஒன்றினால் கடலின் இருகரையிலும் இரு முதியவர்கள் தத்தம் மீதே குற்றம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிறை மாதமும் 29 நாளுக்குக் குறைவதில்லை. ஆங்கில மாதங்களிலோ பிப்ரவரி ஒன்றுதான் 28 நாள் கொண்டது. அதுவும் நான்காண்டுக்கொரு முறை ஒரு நாள் கூடிவிடும். நிறுவனத்தாருக்கோ ஆண்டு முழுவதும் பிப்ரவரி. 13 முறை 28 என்பது 364. ஆகவே ஆண்டுக்கு 12 முறை செலுத்துவதாக எண்ணியிருப்பவர் உண்மையில் 13 முறை செலுத்துகிறார்.

நம் இரண்டாவது பிழை, பழைய காலத்தை நம்பியது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசி இந்நாட்டில் கைப்பேசியைத் தொடங்கி வைத்தபோது, வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. 2003இல் அது நீங்கியது. சிறு தொகை செலுத்திவிட்டு வரும் அழைப்புகளை மட்டும் ஏற்றுக்கொண்டு நெடுங்காலம் ஓட்டியவர்கள் பலர். 2018ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனங்கள் அவ்வழியை அடைக்கத் தொடங்கின. குறித்த நாளுக்குள் மீண்டும் பணம் செலுத்தினால்தான் வரும் அழைப்பும் தொடரும் என்றாயிற்று.

இதிலிருந்து நாம் அறிந்துகொண்டது ஒன்று. குறைவாகப் பேசுகின்றவர் கடையில் வாங்குவது பேச்சை அன்று, நாட்களை. பிறர் தம்மை அழைக்கக்கூடிய நாட்கள் அவை. ஆகையால் பேக்கின் விலையை மட்டும் பார்க்காமல், விலையை நாட்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டாக, 200 ரூபாய்க்கு 28 நாள் எனில் நாளொன்றுக்கு 7 ரூபாய் 14 காசு. 480 ரூபாய்க்கு 84 நாள் எனில் 5 ரூபாய் 71 காசு. முதலாவது மலிவாகத் தோன்றும். உண்மையில் மலிவானது இரண்டாவதே.

அடுத்து, தேவையற்றதை நீக்க வேண்டும். உம்மாவின் பொத்தான் கைப்பேசிக்கு நாம் வாங்கி வந்த பேக்கில் நாள்தோறும் ஒரு ஜி.பி. டேட்டா இருந்தது. அதில் ஒரு துளியும் பயன்பட்டதில்லை. வீண் விரயத்தைப் பற்றி மிம்பரில் பேசுகின்ற நாமே மாதந்தோறும் அதை விலைக்கு வாங்கியிருக்கிறோம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்துள்ள சில விதிகளை அறிந்திருப்பது நன்று. 30 நாள் வேலிடிட்டி உள்ள பேக் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க பேக் ஒன்றுமாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டுமென 2022 ஜனவரியில் அது ஆணையிட்டது. டேட்டா இல்லாமல், பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றேனும் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் விதித்தது. அத்தகைய சிறப்புப் பேக்குகளின் உச்ச வேலிடிட்டியையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. 2025 ஜனவரி முதல் அவை கடைகளுக்கு வந்தன. நாம் வாய் திறந்து கேட்டாலொழியக் கடைக்காரர் அவற்றைச் சொல்லாமலும் இருக்கலாம்.

எண்ணைக் காப்பதற்கும் ஒரு விதி உண்டு. 90 நாள் அழைப்போ, எஸ்.எம்.எஸ்.ஸோ, டேட்டாவோ எதுவும் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் எண்ணைத் துண்டிக்க நிறுவனத்துக்கு வழியுண்டு. ஆனால் கணக்கில் 20 ரூபாய் அல்லது அதற்கு மேல் பேலன்ஸ் இருந்தால் துண்டிக்கலாகாது. அதிலிருந்து 20 ரூபாய் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் விதி. எனினும் இது எண் பறிபோகாமல் காக்குமேயன்றி, அழைப்பு வருவதற்கு உறுதியாகாது. இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

வங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும் இக்காலத்தில் முதியவரின் எண் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். இப்போது உம்மாவுக்கு ஓராண்டுப் பேக் ஒன்றை, டேட்டா இன்றி, வாங்கியிருக்கிறோம். அது முடியும் தேதியை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்திருக்கிறோம். அதற்கு ஒரு வாரம் முந்திய தேதியையும் சேர்த்தே குறித்திருக்கிறோம். சாச்சியின் குறிப்பேட்டில் நம் எண்ணும் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மணி ஒலிக்கிறது. உம்மா முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

அன்பர்களே, உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இருக்கும் கைப்பேசியை இன்றே உங்கள் கைப்பேசியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பாருங்கள். மணி ஒலிக்கிறதா என்று கேளுங்கள்.